சும்மா நிற்கிற படகு

“சும்மா நிக்கிற படகுக்கு எதுக்கு மாசாமாசம் காசு கட்டுறீங்க?” எங்கள் வீட்டில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. தீபாவளிக்குக் கூடினால் அத்தை கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் மாமா கேட்பார். சித்தப்பா சிரித்துக்கொண்டே இலையைப் பார்ப்பார், நான்தான் அவருக்காக ஏதாவது பதில் சொல்லிச் சமாளிப்பேன். காசைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கோபமில்லை, அது நியாயமான கேள்விதான். நிற்கிற படகுக்கு ஒன்றும் ஆகாது, வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் நினைப்பதுதான் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதை ஒருநாள் உட்கார்ந்து விளக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இந்தத் தடவை படகு நிற்கிற மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய்வந்த பிறகு, நானும் சித்தப்பாவும் இத்தனை காலம் நம்பியதே பாதிதான் சரி என்று ஆகிவிட்டது.

சித்தப்பா பினாங்கு ஃபெரியில் இயந்திர அறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெருநிலத்துப் பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே விடிந்ததிலிருந்து நள்ளிரவு வரை போய்வந்த அந்தப் பழைய இரட்டைத்தட்டு ஃபெரிகள் அவருக்குப் பிள்ளைகள் மாதிரி. உப்புத் தண்ணீரிலேயே கிடந்து, நாள் தவறாமல் ஓடி, பல பத்தாண்டுகள் உழைத்தவை. அதனால் அவருக்கு ஒரே ஒரு வேதம்: “ஓடுற எஞ்சின் கெடாதும்மா. நிக்கிறதுதான் கெடும்.” 2020 முடிவோடு கார் ஏற்றும் ஃபெரி நின்றுபோனது. ஓய்ந்து கட்டிக் கிடந்த ஃபெரிகளைப் பார்க்க அவர் கரைப்பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார். 2023 ஆகஸ்ட்டில் புது ஃபெரிகள் வந்தபோது, ஆள்களும் மோட்டார் சைக்கிளும்தான் ஏறலாம் என்றாலும், என்னைக் கூட்டிக்கொண்டு போய் மேல்தட்டில் நிற்காமல் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கிற இடமாகப் பார்த்து நின்றார்.

எங்கள் குடும்பத்தில் கடலைத் தேடிப் போன முதல் ஆள் அவர்தான். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி வந்தவர். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது, எழுபதுகளின் தொடக்கம் வரை நம் ஆள்களைச் சுமந்துகொண்டிருந்தது. அறை இல்லாமல் மேல்தட்டிலேயே படுத்து வரும் தட்டுப் பயணியாக வந்து, ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைக்கப்பட்டு, பிறகு கித்தா (ரப்பர்) தோட்டத்துக்குப் போனவர் அதற்குப் பிறகு கடலைத் திரும்பிப் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை. நமக்குக் கடல் என்றால் மாசி மகத்துக்குத் தெலுக் பாஹாங் போய்த் தேர் மிதப்பதைப் பார்ப்பது, அஸ்தி கரைப்பது, ஞாயிற்றுக்கிழமை பத்து ஃபிரிங்கியில் பிள்ளைகளைக் குளிக்க விடுவது. அவ்வளவுதான். பாய்மரப் படகு என்றாலே வெள்ளைக்காரன் விளையாட்டு என்று ஒதுங்கிவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. தீவில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

சித்தப்பா வாங்கியது முப்பதடி ஃபைபர் படகு. உலகம் சுற்றக் கிளம்பி, லங்காவியோடு போதும் என்று முடித்துக்கொண்ட ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் வாங்கினார். 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் அங்கே வெளிநாட்டுப் படகுகள் நிறைய, இப்படிக் கைமாறுகிறவையும் உண்டு. மழைக்காலத்தில் லங்காவிக்கு மேற்கே இருக்கிற ரெபாக் தீவில் கரையேற்றி வைப்பது வழக்கம். சுற்றிலும் மேடு, நடுவில் குளம் போல மரினா என்கிற படகுத்துறை, ஓரத்தில் படகுகளை முட்டுக்கால் கொடுத்து நிறுத்தி வைக்கிற யார்ட். பாதுகாப்பான இடம்தான். 2004 சுனாமி மட்டும் மரினாவின் வாசல் வழியாக உள்ளேயும் புகுந்து மிதவைப் பாலங்களைப் பிய்த்துப் போட்டது.

இந்தத் தடவை நாங்கள் போனது விற்பதற்காக. சித்தப்பாவுக்கு முட்டி மாற்று அறுவை நடந்து, அதற்குப் பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக வீட்டுக் காரியங்கள் வந்து, ஒரு பருவம் முழுக்கப் படகுப் பக்கமே போக முடியவில்லை. கோலாலம்பூரில் ஒருவர் படங்களைப் பார்த்து விலை பேசிவிட்டார். துடைத்துச் சுத்தம் செய்து, எஞ்சினை ஓட்டிக் காட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான் வேலை.

திறந்ததும்

குவாலா கெடாவில் ஃபெரி ஏறி, லங்காவியில் இறங்கி, அங்கிருந்து சின்னப் படகில் ரெபாக். ஏணி வைத்து மேலே ஏறி, கேபின் வாசல் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கினேன். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் ஈரத்துணியை அறைந்த மாதிரி இருந்தது. மரச்சுவரெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. மெத்தை உறை, சித்தப்பாவின் பழைய தொப்பி, சமையல் மூலையில் விட்டுவந்த மரக்கரண்டி, எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி மெல்லிய பூஞ்சை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் எண்பது விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. எழுபதைத் தாண்டினாலே பூஞ்சைக்குப் போதும். மழை உள்ளே வராதபடி அடைத்து வைத்தால் ஈரமும் வெளியே போகாது.

படகுக்கு இரண்டு காற்றுக் குழல்கள் உண்டு, அவற்றை மூடுவதில்லை. மூடியது குளவி. மண்ணைக் குழைத்துக் குழைத்து, குழல் வாயை முழுக்கப் பூசிவிட்டிருந்தது. நான் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்தபோது அறை அறையாக உள்ளே காய்ந்த சிலந்திகள். டீசல் தொட்டியின் மூச்சுக்குழலிலும் அதே வேலை. விரல் நுழையாத ஓட்டை அது. அதை எப்படித்தான் கண்டுபிடித்ததோ. அந்தக் கட்டுமானத்தை உடைக்க எனக்கு மனசே வரவில்லை, ஆனால் படகை மூச்சுமுட்ட வைத்தது அதுதான்.

யார்ட்டில் வேலை செய்யும் சுங்கை பட்டாணித் தம்பி ஒருவர் மழைக்காலம் முழுக்க மாதம் ஒருமுறை எங்கள் படகின் மேல்தட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் படகே இருந்திருக்காது. சுக்கான் பக்கத்துக் குழியில் தேங்கும் மழைநீர் இரண்டு ஓட்டைகள் வழியாக வெளியேற வேண்டும். நான்கு இலை விழுந்து அந்த ஓட்டை அடைபட்டால், ஒரு பெருமழையில் குழி நிரம்பி, வாசல் பலகை மேல் வழிந்து, தண்ணீர் நேரே கேபினுக்குள் இறங்கும். கடலில் முழுகாத படகு தரையில் நின்றபடியே முழுகும். அந்த யார்ட்டிலேயே மூன்று படகு தள்ளி ஒன்று அப்படித்தான் ஆகியிருந்தது. சீட்டுக்கு மேல் தண்ணீர்க் கோடு, எஞ்சின் முழுக்கத் துரு. தம்பி அதைக் காட்டிவிட்டு, “நாலு இலைதான்கா. கையால அள்ளிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்” என்றார். அந்தப் படகுக்காரர் எந்த நாட்டிலிருந்து என்ன காரணத்தால் வர முடியாமல் போனாரோ. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாங்களும் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு படகை நினைத்து நினைத்துத் தவித்தோம். மறு ஆண்டு செப்டம்பர் 16-ல் லங்காவியை மறுபடி திறந்து விட்ட பிறகுதான் எங்களால் போக முடிந்தது. அதனால் அந்தத் தண்ணீர்க் கோட்டைப் பார்த்து யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எஞ்சினுக்கு வந்தால், சித்தப்பாவின் வேதம் அங்கே அப்படியே பலித்தது. டீசலை அடியிலிருந்து ஒரு போத்தலில் பிடித்தார். மேலே பொன்னிறம், அடியில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கறுப்பாகச் சளி. தொட்டி முழுக்க நிரம்பாமல் இருந்தால் மேலே இருக்கிற காலி இடத்தில் இரவில் காற்று குளிர்ந்து வியர்க்கும். அந்தத் தண்ணீர் அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற கோட்டில் நுண்ணுயிர் வளரும். நம் நாட்டு டீசலில் பாமாயில் எரிபொருள் கலப்பதால் அது ஈரத்தை இன்னும் கூடுதலாக இழுக்கிறது. 20 விழுக்காட்டுக் கலப்பை 2020-ல் முதலில் கொண்டுவந்ததே லங்காவியில்தான். தண்ணீர் இறைக்கும் பம்பைத் திறந்தால் ரப்பர் இறக்கைகள் ஒரே நிலையில் அழுந்திக் கிடந்து கோணலாக இறுகிப் போயிருந்தன. “பாத்தியா, ஓடியிருந்தா இது ஆயிருக்குமா?” என்று கேட்டுக்கொண்டே சித்தப்பா வேலை செய்தார். வடிகட்டியை மாற்றி, தொட்டியைக் கழுவி, பம்புக்குப் புது ரப்பர் போட்டு, வாளியில் குழாயை விட்டு எஞ்சினை எழுப்பினார். அது பிடித்துக்கொண்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விற்கப் போகிற படகு என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

சிவப்புக் கோடு

பாய்மரம் தானாக நிற்பதில்லை. இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் எவர்சில்வர் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தக் கம்பிகள் தட்டைத் தொடுகிற இடத்தில் ஒரு பட்டை, செயின்பிளேட் என்பார்கள், தட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி கேபின் சுவரில் போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். வெளியே தெரிவது நான்கு விரல் உயரம். எங்கள் படகில் அது கண்ணாடி போலப் பளபளத்தது. படத்தில் அழகாக விழுந்தது, விலை பேசியவரும் அதைப் பாராட்டியிருந்தார்.

பூஞ்சையை வினிகர் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது இடது பக்க நடுப்பட்டைக்குக் கீழே, உள்சுவரில், தேத்தண்ணி வடிந்த மாதிரி ஒரு கறை கண்ணில் பட்டது. விரல் நீளம்கூட இல்லை. துடைத்தால் போய்விட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் அலமாரிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அந்தப் பக்கக் கம்பிக்குப் பதில் கயிறு கட்டிப் பாய்மரத்தைத் தாங்கிக்கொள்ளச் சொல்லி, பட்டையை வெளியே எடுத்தார். போல்ட் நான்கும் சுலபமாக வந்தன. பட்டை வரவில்லை. பழைய பசை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தது. சுத்தியலால் அடியிலிருந்து தட்டித் தட்டித்தான் எடுக்க முடிந்தது.

வெளியே இருந்த நான்கு விரல் பளபளப்பு, உள்ளே போல்ட் ஓட்டைகள் இருந்த பகுதி சுத்தம், தட்டின் கனத்துக்குள் புதைந்திருந்த நடுப்பகுதி மட்டும் பழுப்பு. அதில் விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சித்தப்பா தம் பையிலிருந்து மூன்று ஸ்ப்ரே டப்பாக்களை எடுத்தார். ஃபெரிக் காலத்துப் பழக்கம் அது. முதல் டப்பாவால் கழுவித் துடைத்தார். இரண்டாவதால் சிவப்புச் சாயம் அடித்தார். சாயம் ஊற வேண்டும் என்று நாங்கள் மூவரும் படகின் நிழலில் உட்கார்ந்து தே ஓ, பால் விடாத தேத்தண்ணி, குடித்தோம். பிறகு சிவப்பு துளியும் தெரியாதபடி துணியால் துடைத்தெடுத்து, மூன்றாவது டப்பாவால் வெள்ளைப் பொடி அடித்தார். பட்டை சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெள்ளையாக நின்றது. ஒன்றும் இல்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், வெள்ளையின் நடுவே ரோமம் போல ஒரு சிவப்புக் கோடு ஊறி மேலே வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. பட்டையின் அகலத்தில் பாதியைத் தாண்டித்தான் நின்றது.

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நாம் சொல்வதற்குக் காரணம் அதில் இருக்கிற குரோமியம். கடல் வேலைக்குப் போடும் 316 ரகத்தில் அது 16 முதல் 18 விழுக்காடு வரை இருக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குக் காற்று வேண்டும். தட்டின் கனத்துக்குள், பசைக்கு நடுவே, உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுப் புகுந்து அங்கேயே தேங்கிவிட்டால், இருக்கிற ஆக்சிஜன் தீர்ந்துபோகும். படலம் மறுபடி வளராது. உப்பு உலோகத்தை அந்த இடத்தில் மட்டும் தின்னத் தொடங்கும். மழையும் வெயிலும் கடலும் படுகிற பகுதி பளபளவென்று இருக்க, நாம் பத்திரமாக அடைத்து வைத்த பகுதி அறுந்துகொண்டிருக்கும்.

சித்தப்பா அந்தப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இது நின்னதால வந்ததில்லம்மா. ஓடியிருந்தாலும் வந்திருக்கும். ஓடியிருந்தா ஒருநாள் சுமத்ராக் காத்துல மரமே சாஞ்சிருக்கும்.”

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து கறுத்து வருகிற அந்தக் காற்று எங்களுக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்படி ஒன்றில் நாங்கள் இதே படகில், இதே பட்டையை நம்பி, பாயைச் சுருக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். அந்தக் கோடு அப்போதே எவ்வளவு தூரம் வந்திருந்ததோ. ஓட்டம் எஞ்சினைக் காப்பாற்றும், பம்பு ரப்பரைக் காப்பாற்றும். நம் பார்வை போகாத இடத்தை ஓட்டமும் காப்பாற்றாது. அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும். நல்ல நிலையில் இருக்கிற ஒன்றை அவிழ்ப்பதற்கு யாருக்கும் மனசு வருவதில்லை. ஃபெரிக்குக் கால முறைப்படி ட்ரைடாக் என்று ஒன்று இருந்தது, தண்ணீரிலிருந்து முழுசாக வெளியே எடுத்துச் சோதிப்பது. அங்கே சித்தப்பா எதையும் “நல்லாத்தானே இருக்கு” என்று விட்டுவிட முடியாது, அவிழ்த்தே ஆக வேண்டும். ஃபெரிகளை அத்தனை காலம் வாழவைத்தது தினசரி ஓட்டம் மட்டும்தான் என்று அவர் நம்பியிருந்தார். ட்ரைடாக்கையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று இப்போது நான் நினைக்கிறேன். அவர் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. காப்பிக்கடையில் இந்த வாதம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியே தெரியட்டும்

விற்பனைக்கு இடையில் இருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, “மத்த பட்டையெல்லாம் நல்லாத்தானே இருக்கு? இத மட்டும் மாத்திட்டு விடுங்க. நீங்களா ஏன் போய்ச் சொல்றீங்க?” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. வாங்குகிறவர் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகப் போகிறவர். சித்தப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் நேரே வாங்குகிறவருக்கே போன் போட்டு, கோடு தெரிகிற படத்தையும் அனுப்பினார். அவர் நன்றி சொல்லி, இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்று விட்டார். நியாயம்தான். மற்ற பட்டைகளையும் எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தோம். இன்னும் ஒன்றில் கோடு வந்தது.

அதே பழைய இடத்தில் புதுப் பட்டைகளைப் போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பட்டர்வொர்த் பக்கத்தில் பிறை என்கிற ஊரில் ஒரு லேத் பட்டறையில் கனமான 316 தகட்டில் நீளமாக வெட்டச் சொல்லி, தட்டைத் துளைக்காமல் படகின் வெளிப்பக்கச் சுவரிலேயே வைத்து, உள்ளே தாங்குதகடு கொடுத்து முடுக்கினார். பழைய ஓட்டைகளைப் பசையும் ஃபைபரும் வைத்து அடைத்தாகிவிட்டது. இப்போது பட்டை முழுக்க வெளியே, காற்றிலும் வெயிலிலும். டிங்கியில், கூடவே வைத்திருக்கிற சின்னப் படகில், உட்கார்ந்தபடியே ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்கலாம். இதற்கு ஒரு விலை உண்டு. கம்பிகள் வெளியே தள்ளிப் போனதால் முன்பாயை முன்போல இழுத்துக் கட்ட முடியாது, காற்றுக்கு எதிரே படகு கொஞ்சம் குறைவாகத்தான் நெருங்கும். பார்க்கவும் அழகில்லை. யார்ட்டில் சிலர் படகைக் கெடுத்துவிட்டதாகவே சொன்னார்கள். எனக்கு அந்த அழகில்லாத பட்டைகள்தான் படகிலேயே மிகவும் பிடித்த இடம்.

விற்பதாக இப்போது பேச்சில்லை. சித்தப்பாவுக்கு முட்டி இன்னும் முழுசாக மடங்காது, அதனால் சுக்கான் அவர், பாய் நான் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். ஜனவரியில் வடகிழக்குக் காற்று நிலைத்ததும் ரெபாக்கிலிருந்து கிளம்பி, பாயார் தீவில் மிதவையில் கட்டி ஒரு இரவு தங்கி, மறுநாள் ஜெராய் மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு பினாங்குக்கு இறங்குவதாகத் திட்டம். பினாங்கின் பழைய பாலத்துக்கடியில் தாராளமாக உயரம் இருக்கிறது, எங்கள் பாய்மரம் இடிக்காது. பத்து உபான் பக்கம் நங்கூரம் போட்டால் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம். சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டுப் போய் எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டலாம், கேபினைத் திறந்து போடலாம், குழலில் குளவி வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தம்பியையும் கூட வரச் சொல்லியிருக்கிறோம். அவர் இத்தனை வருடம் படகுகளைத் தரையில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாய் விரித்து ஓடுகிற படகில் ஒருதடவைகூட ஏறியதில்லையாம்.